பியானோவுக்கு விரல் பலமா, கை வெயிட்டா?

மகளுக்கு இப்ப பியானோ தேர்வுல கிரேட் 5. பழைய டீச்சர் கையை அசைக்காம விரலை மட்டும் தூக்கி வாசிக்கச் சொன்னாங்க, புது டீச்சர் தோள்லேருந்து வெயிட்டை இறக்குங்கிறாங்க, புள்ள குழம்பிட்டா. அதான் ரெண்டையும் தேடிப் படிச்சேன்.

விரல் முறைதான் பழசு, கீ லேசா இருந்த காலத்துது. புறங்கையில காசு வச்சு அது விழாம வாசிக்க வைப்பாங்களாம். வேகமான ஸ்கேல் (ஸ்வர வரிசை) தெளிவா வரும், ஒத்துக்கறேன். ஆனா விரலை மடக்குற பெரிய தசை விரல்ல இல்லங்க, முழங்கைக்குக் கீழ இருக்கு, அங்கேருந்து ஒன்பது தசைநாண் மணிக்கட்டுல ஒரு குறுகலான வழியில நரம்போட நெருக்கிட்டுப் போகுது, மணிக்கட்டை மடக்கியே வச்சு ஒரு மணி நேரம் வாசிச்சா வலிக்காம என்ன செய்யும்? மோதிர விரல் தனியா தூக்க வரலன்னு புள்ளைய திட்டாதீங்க, புறங்கையில அதோட நாண் பக்கத்து விரல் நாணோட இணைஞ்சிருக்கு, எல்லாருக்குமே அப்படித்தான்.

கை வெயிட் முறை 1900களோட ஆரம்பத்துல பரவுச்சு, ஜெர்மனியில பிரைட்ஹாப்ட், லண்டன்ல மாத்தேன்னு ரெண்டு பியானோ ஆசிரியர்கள் மூலமா. பெரிய கார்டு (chord, பல கீயை ஒண்ணா அழுத்துறது) வாசிக்க இதுதான் சுகம். ஆனா "கையைத் தளர்த்து"ன்னு சொன்னா மட்டும் பத்தாது. 60 கிலோ ஆளுக்கு ஒரு கை கிட்டத்தட்ட 3 கிலோ, ஒரு கீ இறங்க சுமார் 50 கிராம் போதும், அப்ப மிச்சத்தை தோள்தானே தாங்கணும், விரல் மூட்டும் சரியாம நிக்கணும். முழுத் தளர்வுல வாசிக்க முடியாதுன்னு அமெரிக்காவுல ஆர்ட்மன்னு ஒரு ஆய்வாளர் 1929லயே அளந்து காட்டிட்டாரு. இன்னொண்ணு, கீ ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும், உள்ள கம்பியைத் தட்டுற சுத்தியல் கிளம்பினதுக்கப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது.

என் ஓட்டு கை முறைக்குத்தான், கூடவே முன்கையைத் திருப்புறதையும் சேத்துக்கணும். மொசார்ட்டோட கே.545 சொனாட்டாவுல இடது கை ச-ப-க-ப மாதிரி சுத்திச் சுத்தி வருமே, அதை விரலாலயே வாசிச்சு ரெண்டாவது பக்கத்துல கை இறுகிடுவா. பூட்டுல சாவி திருப்புற மாதிரி முன்கையை லேசா உருட்டச் சொன்னாங்க புது டீச்சர், இப்ப கடைசி வரைக்கும் வாசிக்கிறா.

வீட்டுலயும் ரெண்டு தப்பு இருந்துச்சு. கீபோர்டை ஸ்டடி டேபிள் மேல வச்சிருந்தோம், முழங்கை கீக்குக் கீழ தொங்குச்சு, தோள் காதுவரை ஏறிடும், இப்ப தாழ்வான ஸ்டாண்ட் வாங்கியாச்சு. அப்புறம் எங்களுது எச்டிபி வீடு (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி), ராத்திரி பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேணாம்னு ஹெட்போன் போட்டு அதுலயும் சத்தத்தை ரொம்பக் குறைச்சிருந்தேன், கேக்கலன்னு அவ ஓங்கி ஓங்கி அடிச்சிருக்கா. கொஞ்சம் கூட்டி வச்சதும் அடிக்கிறதை விட்டுட்டா.