கப்பல் எங்கே தெரியும்? இரண்டு நாள் சிங்கப்பூரில் எதில் ஏறலாம், எதை விடலாம்

தூத்துக்குடியிலிருந்து வந்த தோழியை முதல் நாள் மாலையே மெர்லயன் சிலைக்கு அழைத்துப் போனேன். சிங்கம் தண்ணீர் கொப்பளிப்பதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கப்பல் எங்கேடி?"

அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறைமுக நகரம் என்று சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குக் கிரேன் தெரிய வேண்டும், உப்புக்காற்று முகத்தில் ஒட்ட வேண்டும். எதிரே மூன்று கோபுரங்களின் தலையில் ஓடம்போல் உட்கார்ந்திருக்கும் மரினா பே சாண்ட்ஸ் கூரையைக் காட்டி, "அதோ கப்பல்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கோபித்துக்கொள்ள அவளுக்கு நியாயம் இருந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு சிலைக்கு எதிரே உள்ள அந்த மரினா விரிகுடா கடலே அல்ல, குடிநீருக்கான நன்னீர்த் தேக்கம். ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய பம்போட் படகுகளை 1983இலேயே பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள். வருகிறவர்கள் அத்தனை பேரும் துறைமுகம் என்று படம் எடுத்துக்கொள்வது ஓர் ஏரியைத்தான். இதை யோசிக்காமல் திட்டம் போட்டது என் தவறு. மீதியிருந்த நேரத்தில் அதைச் சரிசெய்ய நாங்கள் ஏறி இறங்கியவற்றை வைத்துத்தான் இந்த ஒப்பீடு. ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகள் கேட்டேன்: கப்பல் தெரிகிறதா? பல வருடம் கழித்துச் சந்திக்கும் இரண்டு பேர் நிம்மதியாகப் பேச முடிகிறதா?

முதலில் ஆற்றுப் படகு. சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கிளார்க் கீயில் ஏறினால் சுமார் 40 நிமிடம்; ஆளுக்கு 25 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல். முகப்பில் கண் வரைந்த பழைய பாணிப் படகு. 1869இல் கட்டிய கேவனா பாலத்தின் அடியில் குனிந்து போவதுபோல் போகும்போது நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு ஏற்றும் நேரத்தில் போட் கீ கடைவீடுகள் தண்ணீரில் ஆடுவதும் அழகு. ஆனால் பதிவு செய்த வர்ணனை விடாமல் ஒலிக்கிறது. அவள் தன் மகனின் பத்தாம் வகுப்புக் கதையை மூன்று முறை தொடங்கினாள். மூன்று முறையும் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் குறுக்கே வந்து 1819இல் கரையிறங்கினார். கப்பல்? ஒன்றுகூட இல்லை.

தீவுப் படகுக்கு இதைவிடச் செலவு குறைவு, போகவர ஏறத்தாழ 15 வெள்ளி. எம்ஆர்டி என்னும் மெட்ரோ ரயிலில் சிவப்புத் தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. வார நாட்களில் ஓட்டங்கள் குறைவு என்பதை நான் கவனிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒன்றைத் தவறவிட்டு, அடுத்ததற்காக நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் நொந்துகொண்டிருந்தபோது அவள் மட்டும் உற்சாகமாக இருந்தாள். நங்கூரமிட்ட கப்பல்கள் கரையிலிருந்தே வரிசையாகத் தெரிந்தன. இது எண்ணெய்க் கப்பல், அது மொத்தச் சரக்கு, அந்தச் சின்னது எரிபொருள் நிரப்பும் படகு என்று அப்பாவிடம் கற்றதை எனக்குப் பாடம் எடுத்தாள். கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவதில் உலகிலேயே முதலிடம் சிங்கப்பூருக்கு. இத்தனை வருடம் இங்கே இருந்தும் அந்தச் சின்னப் படகுகள் எதற்கு என்று எனக்குத் தெரியாது.

படகு செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போகிறது. 1874 முதல் அங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த கூலித் தொழிலாளர்கள் பலரை நகருக்குள் விடுமுன் அங்கேதான் இறக்கி வைத்தார்கள். நம்மவர்கள் பார்த்த முதல் சிங்கப்பூர் பளபளப்பான கோபுரம் அல்ல, அந்த மேட்டு நிலம். தோழி அங்கே அதிகம் பேசவில்லை. பாலம்போன்ற கரைவழியில் நடந்து லாசரஸ் தீவின் மணலில் உட்கார்ந்து, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கட்டி வாங்கிய தயிர்சாதத்தைப் பிரித்தோம். சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்துப் போங்கள். கடையை நம்பிப் போகாதீர்கள். பக்கத்தில் இன்னொரு தீவு, ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியில் ஆமைத் தீவு என்று பொருள்படும் பெயர். நான் மரியாதையாகக் 'கூசு' என்று நீட்டி எழுதுகிறேன். குறிலாகச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாற்பது வயதுப் பெண்கள் படகில் விழுந்து விழுந்து சிரித்ததற்கு அதுதான் காரணம்.

உயரத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் போட்டி கடுமை. மரினா பே சாண்ட்ஸின் 57ஆவது மாடியிலிருந்து கடலும் கப்பல்களும் தெரியும் என்பது உண்மை. ஆனால் 30 வெள்ளிக்கு மேல் கொடுத்துவிட்டுச் செல்ஃபி எடுப்பவர்களின் முழங்கைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். தஞ்சோங் பகாரில் பினக்கிள் என்னும் வீவக (அரசு வீட்டு வசதிக் கழக) குடியிருப்பின் 50ஆவது மாடிப் பாலத்துக்குச் சில வெள்ளிகள்தான். துறைமுகப் பக்கம் நேராகத் தெரியும், மக்கள் வாழும் இடம் என்பதால் அமைதியும் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் போக வேண்டும்.

மவுண்ட் ஃபேபரிலிருந்து செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார் பேசுவதற்கு ஏற்ற இடம். பெட்டிக்குள் நீங்கள் இருவர் மட்டும், கீழே கெப்பல் துறைமுகம், பிரானி தீவின் கிரேன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் நேர் கீழே ஓர் உல்லாசக் கப்பல். நான் செய்த மடத்தனம், நடுவழியில் 1983 விபத்தைச் சொன்னது. எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பலின் கோபுரம் கேபிள் கார் கம்பியில் மோதி ஏழு பேர் இறந்த கதை அது. மீதி வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. கட்டணமும் குறைவல்ல.

எனக்குப் பிடித்தது காசே கேட்காத இடம். அந்த ஏரியை உண்டாக்கிய மரினா அணைக்கட்டின் புல்கூரைதான். 400ஆம் எண் பஸ் வாசலில் விடும். ஒரு பக்கம் திரும்பினால் நகரம், மறுபக்கம் திரும்பினால் உண்மையான கடல், அதில் விளக்கேற்றத் தொடங்கும் கப்பல்கள். அணையின் ஒன்பது கதவுகள் நன்னீரையும் உப்புநீரையும் பிரிப்பது காலடியிலேயே தெரியும். குடும்பங்கள் பட்டம் விடுகின்றன, யாரும் யாரையும் நகரச் சொல்வதில்லை. மகனின் பத்தாம் வகுப்புக் கதையை அங்கேதான் கடைசிவரை கேட்டேன். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். கூரையில் நிழல் அரிது.

ஆகவே எங்களைப்போல் இரண்டு பேர் என்றால் காலையில் தீவு, மாலையில் அணைக்கட்டு, கையில் காசு மிச்சமிருந்தால் கேபிள் கார். முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்து வருகிறீர்களா, என் பேச்சைக் கேட்காமல் ஆற்றுப் படகிலேயே ஏறுங்கள். ஏறி இறங்குவது சுலபம், வர்ணனை அவருக்குப் பிடிக்கவும் கூடும்.

கிரேன் பார்க்க ஆசையுள்ளவர்கள் தள்ளிப்போட வேண்டாம். தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி கொள்கலன் முனையங்களை 2027 வாக்கில் தீவின் மேற்கு முனையிலுள்ள துவாஸ் துறைமுகத்துக்கு மாற்றும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அதன் பிறகு கேபிள் காரிலிருந்து கீழே என்ன தெரியும் என்று தோழி கேட்டாள். அடுக்குமாடி வீடுகள்தான், வேறென்ன என்றேன்.