ஸ்டீயரிங்கில் பட்டன் இல்லாத கார்: கம்பெனி சுவிட்சா, ஒட்டும் ரிமோட்டா, புளூடூத் பட்டனா?

பேஸ் மாடல் (ஒரு காரின் விலை குறைந்த, வசதிகள் குறைந்த அடிப்படை வகை) கார் வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே உறுத்த ஆரம்பிக்கும் குறை, ஸ்டீயரிங்கில் ஆடியோ பட்டன்கள் இல்லாதது. பாட்டுச் சத்தத்தைக் குறைக்கவும், வரும் அழைப்பை எடுக்கவும் ஒவ்வொரு முறையும் டேஷ்போர்டின் நடுவுக்குக் கை போக வேண்டும். கை போனால் கண்ணும் கூடவே போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். இரண்டு நொடி திரையைப் பார்த்தால், 33 மீட்டர் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறோம். தொடுதிரை ஸ்டீரியோ வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். பழைய ஸ்டீரியோவில் திருகும் குமிழாவது இருந்தது, விரலே அதைக் கண்டுபிடித்துவிடும். கண்ணாடித் திரையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது.

இந்தக் குறையைத் தீர்க்கக் கடைகளில் மூன்று வழிகள் சொல்வார்கள். உயர் மாடலில் வரும் கம்பெனி சுவிட்சையே வாங்கிப் போடுவது, ஸ்டீயரிங்கில் ஒட்டும் வயர்லெஸ் ரிமோட், போனோடு நேராக இணையும் புளூடூத் பட்டன். விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். நான் முதலில் பார்ப்பது, அந்த வேலைக்கு ஏர்பேக்கைக் கழற்ற வேண்டுமா என்பதை.

கம்பெனி சுவிட்ச்

பொருத்தி முடித்தால் இதற்கு இணை எதுவும் இல்லை. கட்டை விரல் இயல்பாக இருக்கும் இடத்திலேயே பட்டன் இருக்கும், பேட்டரி மாற்றும் வேலை இல்லை, வெயிலில் உரிந்து விழாது. ஆனால் சுவிட்சை மட்டும் வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஸ்டீயரிங் சுற்றுகிறது, கார் சுற்றுவதில்லை. இடையில் மின்சாரத்தைக் கொண்டுபோக ஒரு பாகம் இருக்கிறது. அதுதான் கிளாக் ஸ்பிரிங். பாய் சுருட்டியதுபோல் தட்டையான ரிப்பன் கேபிள் ஒன்று அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுருண்டிருக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப இறுகித் தளரும். ஹாரன், ஏர்பேக், ஆடியோ பட்டன் எல்லாவற்றின் இணைப்பும் இதன் வழியாகத்தான்.

பேஸ் மாடலில் வரும் கிளாக் ஸ்பிரிங்கில் பல சமயம் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மட்டும்தான் கம்பி இருக்கும். சில கார்களில் எல்லா மாடலுக்கும் ஒரே பாகத்தைப் போட்டிருப்பார்கள், பட்டனுக்கான கப்ளர் (கம்பிகளை மாட்டும் இணைப்பான்) காலியாகக் காத்திருக்கும். உங்கள் காரில் எது என்பதை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு மாடல்களின் பாக எண்களையும் கேட்டு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். எண் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வேறாக இருந்தால் கிளாக் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், செலவு ஆயிரங்களில் ஏறும். அப்புறம், அங்கிருந்து ஸ்டீரியோவரை கம்பி போகிறதா என்பது தனிக் கேள்வி. போகவில்லை என்றால் அதையும் இழுக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதனால் பேஸ் மாடலாக இருந்தாலும், ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் அந்த மூடிக்குப் பின்னால் வெடித்து விரியும் ஒரு சாதனம் இருக்கிறது. அதைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கார் நிறுவனம் சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். ஏர்பேக் கணினியில் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும் என்பதுதான் காரணம். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரமே ஆபத்தாக முடியலாம். கழற்றிய ஏர்பேக்கை மூடிப்பக்கம் மேலே இருக்கும்படிதான் வைக்க வேண்டும்.

அதைவிட அதிகம் தவறுவது கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் நிறுத்துவதில். புதிதாக வருவதை நடுநிலையில் பூட்டித்தான் அனுப்புவார்கள், முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது மாட்டிவிட்டு அந்தப் பூட்டை எடுக்க வேண்டும். கையில் வைத்து விளையாட்டாகச் சுற்றிவிட்டால் நடு தப்பிவிடும். அப்படியே மாட்டினால் நேர் சாலையில் ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஒரு நாள் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது ரிப்பன் அறுந்துவிடும். ஹாரன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு எரியும், அந்த நிலையில் விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம்.

பாட்டு மாற்றும் வசதிக்காக இந்த ஆபத்தை வீட்டு வாசலில் வைத்துச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஏர்பேக் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் அதை மட்டும் கொடுங்கள். ஸ்டீரியோ பக்க இணைப்பை நீங்களே செய்யலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தைகளில் சுவிட்ச் மலிவாகக் கிடைக்கும், அதில் தவறில்லை. ஆனால் கிளாக் ஸ்பிரிங்கையும் ஏர்பேக்கையும் அங்கே வாங்காதீர்கள். அவை விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்தவையா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒட்டும் வயர்லெஸ் ரிமோட்

ஏர்பேக் பக்கமே போகாமல் நல்ல பலன் தருவது இதுதான். ஸ்டீயரிங்கின் நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கம்பியில் ஒட்ட ஒன்றோ இரண்டோ பட்டன் பட்டைகள், டேஷ்போர்டுக்குள் வைக்க ஒரு சின்ன ரிசீவர். ரிசீவரிலிருந்து பொதுவாக நான்கு கம்பிகள் வரும்: ஏசிசி மின்சாரம் (சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது), எர்த், பட்டன் சிக்னலைக் கொண்டுபோகும் கீ-1, கீ-2. கடையில் வாங்கிப் போடும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் கீ-1, கீ-2 என்று பெயர் ஒட்டிய கம்பிகள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றோடு சேர்த்தால் போதும்.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு மின்தடை அளவு. பட்டனை அழுத்தும்போது கீ கம்பியின் வோல்டேஜ் அந்த அளவுக்கு ஏற்ப இறங்கும், ஸ்டீரியோ அதைப் படித்து எந்தப் பட்டன் என்று கண்டுபிடிக்கும். அதனால்தான் அமைப்புகளில் போய் "இது சத்தம் கூட்ட, இது அடுத்த பாட்டு" என்று ஒருமுறை கற்றுக்கொடுக்கிறோம். பெரும்பாலான கம்பெனி சுவிட்சும் இப்படித்தான் இயங்குகிறது. இரண்டு பட்டன்களை ஸ்டீரியோ குழப்பிக்கொண்டால், பெரும்பாலும் எர்த் இணைப்பு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

ரிசீவரின் ஏசிசி கம்பியை எங்கே கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். மல்டிமீட்டரில் பாருங்கள்: சாவி அணைந்திருக்கும்போது பூஜ்யம், ஏசிசியில் 12 வோல்ட் காட்டும் கம்பிதான் சரி. எப்போதும் 12 வோல்ட் காட்டும் கம்பியில் கொடுத்தால் ரிசீவர் இரவு பகலாக விழித்திருக்கும். வண்டியைப் பல நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்க அதுவும் ஒரு காரணமாகும். காரின் அசல் ஒயரிங்கை வெட்டவும் கூடாது. அந்தக் காருக்கென்றே விற்கும் கப்ளர் செட் வழியாக இணைத்தால் பின்னாளில் கழற்றிவிடலாம், வாரண்டி பேச்சிலும் சிக்கல் குறையும்.

ஒட்டும் இடம் இன்னொரு முக்கியமான விஷயம். ஸ்டீயரிங்கின் பக்கவாட்டுக் கம்பியில், ஒன்பது மணி மூன்று மணி நிலையில் பிடித்திருக்கும் கையின் கட்டை விரல் எட்டும் இடத்தில் ஒட்ட வேண்டும். நடு மூடியின்மேல் எதையும் ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரிய ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது, அந்த வேகத்தில் ரிமோட் நேராக முகத்துக்கு வரும். விளிம்பில் பட்டை போட்டுக் கட்டும் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். திருப்பத்தில் கையைக் கடக்கும்போது இடிக்கும், கொஞ்சம் தளர்ந்தாலும் இடம் நகரும். ஒட்டும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நல்ல இரட்டைப்பக்க டேப் போடுங்கள். உறை போட்ட ஸ்டீயரிங்கில் ஒட்டாது. அரைகுறையாக ஒட்டிய ரிமோட் உரிந்து கால்மாட்டில் விழுந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தால், இந்த ஐந்து நிமிட வேலையில் யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

குறை என்று பார்த்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஏறும் சூட்டுக்கு அது தாங்காது, சீக்கிரம் ஓய்ந்துவிடும். முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்புப் போட்டால் பேட்டரிக்கும் டேப்புக்கும் சேர்த்து நல்லது.

புளூடூத் பட்டன்

ஒயரிங் எதையும் தொட வேண்டியதில்லை, சில நூறு ரூபாயில் முடியும். போனோடு இணைத்துவிட்டால் பாட்டு மாற்றும், நிறுத்தும். ஆக்ஸ் கேபிள் மட்டும் உள்ள பழைய ஸ்டீரியோவுக்கும் ஒத்துவரும். ஆனால் இது பேசுவது போனிடம், ஸ்டீரியோவிடம் இல்லை. எஃப்எம் கேட்கும்போது இதனால் பயன் இல்லை. ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் செயலிகளை ஸ்டீரியோ திரையில் காட்டும் வசதி) ஓடும்போது சத்தம் ஸ்டீரியோவின் கையில்தான். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பட்டன் தூங்கிவிடும், முதல் அழுத்து அதை எழுப்புவதற்கே போகும். ஒரே காரை வீட்டில் இரண்டு பேர் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் போனை மாற்றி இணைக்க வேண்டும். கம்பெனி ஸ்டீரியோவை மாற்ற விருப்பமில்லாதவர்களுக்கும் வாடகைக் காரில் போகிறவர்களுக்கும் இது சரி. குரல் கட்டளையால் சமாளிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முகவரி சொல்லவும் அழைக்கவும் அது நல்லது, சத்தத்தை இரண்டு படி குறைக்க ஒரு வாக்கியம் பேசுவது யாருக்கும் நிலைக்காது.

ஆக, கிளாக் ஸ்பிரிங்கில் காலி கப்ளர் ஏற்கெனவே இருக்கிறது, நம்பகமான மெக்கானிக் இருக்கிறார் என்றால் கம்பெனி சுவிட்சுக்கே போங்கள். கிளாக் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டிவந்தால் அதை விட்டுவிட்டு, கீ கம்பி உள்ள ஸ்டீரியோவோடு ஒட்டும் ரிமோட் போதும். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழிதான்.

மெக்கானிக்கிடம் கொடுத்து வாங்கியவர்கள் அங்கேயே ஒரு சோதனை செய்துவிட்டு வர வேண்டும். கார் நின்றபடியே ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் மெதுவாகத் திருப்பி, திருப்பும்போதே ஹாரனை விட்டு விட்டு அடித்துப் பாருங்கள். பிறகு சாவியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால் சரி. அணையாமல் நின்றால் வண்டியை எடுக்காதீர்கள். அது எரியவே இல்லை என்றாலும் எடுக்காதீர்கள், விளக்கின் இணைப்பையே யாராவது துண்டித்திருக்கலாம்.