சேவ் ஆகாத பயாஸ்: ஏழு வருட டெஸ்க்டாப் அனுபவம்

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, உங்ககிட்ட இருக்கிற அதே மாடல் செகண்ட் ஹேண்டில் வருது. எடுக்கலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு நாள் முன்புதான் அதன் கேபினெட்டை மறுபடியும் கழற்றி மாட்டியிருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடத்தில் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போகவில்லை, ஃபேன் சத்தம் போடவில்லை. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்ட பிறகு டாலி கணக்கு சாஃப்ட்வேரும் முப்பது டேப்களும் ஒன்றாகத் திறந்திருந்தாலும் திணறுவதில்லை.

ஆனால் நாலாவது வருடம் ஒரு நோய் வந்தது. காலையில் ஆன் செய்தால் தேதி 2018 ஜனவரி 1 என்று நிற்கும். பேங்க் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று பிரவுசர் தடுக்கும். தளம் அசல்தான் என்று காட்டும் இணையதளச் சான்றிதழ் ஒரு தேதியில் தொடங்கி ஒரு தேதியில் முடிகிறது. கணினி 2018-லேயே நின்றால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. தேதியை மாற்றினால் அன்று முழுக்க ஒழுங்காக ஓடும். மறுநாள் பழைய கதை.

தேதியாவது பரவாயில்லை. எஸ்எஸ்டி மாட்டியபோது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங் புரோகிராமில், சாட்டா மோடை (கணினி டிஸ்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ என்று மாற்றித்தான் விண்டோஸ் ஏற்றியிருந்தேன். செட்டிங் அழிந்தால் இந்த மதர்போர்டு கம்பெனி வைத்த ரெய்டு என்ற வேறு மோடுக்கே திரும்பிவிடும். விண்டோஸ் டிஸ்கைக் காணாமல் நீலத் திரை காட்டும். உள்ளே போய் மறுபடி ஏஎச்சிஐ வைத்து, எஃப்10 அழுத்தி சேவ் செய்தால் உயிர் வரும். அடுத்த காலை மறுபடியும் நீலத் திரை. மகளுக்கு ஆன்லைன் தேர்வு இருந்த ஒரு காலையும் அப்படித்தான் விடிந்தது. அவள் அழுதுகொண்டே என் போனில் எழுதினாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கடையில் மதர்போர்டு போய்விட்டது, 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். மனசு கேட்காமல் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். அன்று ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்க மறந்து தூங்கிவிட்டேன். காலையில் தேதியும் சரி, ஏஎச்சிஐயும் அப்படியே. அங்கேதான் பிடி கிடைத்தது. ஷட்டவுன் செய்தாலும் சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்தால் கடிகாரத்தையும் செட்டிங்கையும் காக்க வேண்டியது போர்டில் இருக்கும் சின்ன பயாஸ் பேட்டரி மட்டும்தான். அது செத்திருந்தது. உங்கள் கணினியிலும் இப்படி நடந்தால் செலவில்லாத இந்தச் சோதனையை முதலில் செய்து பாருங்கள். ஒரு ராத்திரி போதும்.

பேட்டரி சிஆர்2032. 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், கடையில் 40 ரூபாய். ஆனால் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் அடியில்! ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கியை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, கார்டை ஆட்டாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். அப்புறம்தான் அந்த வெள்ளிப் பொத்தான் கண்ணில் படும். ஓரத்தில் இருக்கும் சின்ன உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் துள்ளி வரும். எழுத்துப் பொறித்த ப்ளஸ் பக்கம் மேலே பார்க்கப் புதியதை வைக்க வேண்டும். என்றாவது மாற்றியே ஆக வேண்டிய பொருளை இப்படி ஒளித்து வைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம்.

நான் செய்த தப்பும் ஒன்று உண்டு. இரண்டாவது பேட்டரியை உதிரியாக, கவர் இல்லாமல் வாங்கினேன். பத்தே மாதத்தில் மல்டிமீட்டர் 2.3 வோல்ட் காட்டியது. இப்போது அட்டையில் ஒட்டி சீல் செய்ததை மட்டும்தான் வாங்குகிறேன். புதியதில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே காட்ட வேண்டும்.

தம்பிக்கு என்ன சொன்னேன்? இத்தனை வருடம் இதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இருந்தும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, விலை படிந்துவிட்டதாம். சரி, கொண்டு வந்ததும் கூப்பிடுங்கள், ஸ்க்ரூடிரைவரோடு நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பேட்டரியும் வாங்கி மேசையில் வைத்தாயிற்று.