ஆஸ்டெரிக்ஸ் இந்தியா வந்த 28-ஆம் ஆல்பம்: வாங்கலாமா?

ரோமானியப் படைக்கு அடங்காத ஒரு குட்டிக் கிராமத்தின் கதையைச் சொல்லும் பிரெஞ்சு காமிக்ஸ் வரிசை ஆஸ்டெரிக்ஸ். அதை 24-ஆம் ஆல்பத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கறாராகச் சொல்பவர்கள் உண்டு. அதுவரை கதை எழுதிய ரெனே கோசினி 1977 நவம்பரில் இறந்துபோனார். படம் வரைந்த ஆல்பேர் உடெர்ஸோ 1980-இலிருந்து கதையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அப்படி அவர் தனியாகச் செய்தவற்றில் நான்காவது, 1987-இல் வெளியான ‘ஆஸ்டெரிக்ஸ் அண்ட் தி மேஜிக் கார்பெட்’. கங்கைக் கரையில் நடக்கும் கதை என்பதால் நம் ஊர் வாசகர்களிடம் இதற்குத் தனி மவுசு. அந்த மவுசுக்கு ஆல்பம் தகுதியானதா என்பதில்தான் சண்டை.

கதை இதுதான். முந்தைய ஆல்பத்தில் எரிந்துபோன கிராமம் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டுக்காரர் ககோஃபோனிக்ஸ் புதுக் குடிசையில் வாய் திறக்கிறார், மழை கொட்டுகிறது. அந்த மழையில் பறக்கும் கம்பளத்திலிருந்து தவறி விழுகிறார் வாட்ஸிஸ்நேம் என்ற பக்கிரி. கங்கைச் சமவெளியில் உள்ள அவருடைய நாட்டில் சொட்டு மழை இல்லை. 1001 மணி நேரத்துக்குள் பெய்யாவிட்டால் இளவரசி ஓரஞ்சேடைப் பலி கொடுத்துவிடுவார்கள். அரியணைமேல் கண் வைத்திருக்கும் ஹூடன்னிட் என்ற குருவின் ஏற்பாடு அது. ஆஸ்டெரிக்ஸ், ஓபெலிக்ஸ், நாய்க்குட்டி டாக்மேட்டிக்ஸ், பாட்டுக்காரர் எல்லாரும் கம்பளத்தில் ஏறுகிறார்கள்.

1001 மணி நேரம் என்பது 41 நாளும் 17 மணி நேரமும். பருவமழை அவ்வளவு தள்ளிப்போனால் வட இந்திய விவசாயிக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆகவே மழைக்காகத் தவிக்கும் ராஜ்ஜியம் என்ற அடிப்படை சோடையில்லை. இன்னும் நல்ல விஷயம், ஊரே காது பொத்திக்கொள்ளும் பாட்டை ஒரு நாட்டைக் காப்பாற்றும் ஆயுதமாக ஆக்கியது. ‘நார்மன்ஸ்’ ஆல்பத்தில் கோசினி இதே குரலை வைத்து, பயம் என்றால் என்னவென்றே தெரியாத நார்மன்களுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தார். உடெர்ஸோ அந்தக் கண்ணியைப் பிடித்து நீட்டியிருக்கிறார். தவறே இல்லை.

தகராறு வழியில் ஆரம்பிக்கிறது. ஓபெலிக்ஸுக்குப் பசி எடுக்கும்போதெல்லாம் கம்பளம் தரையிறங்க வேண்டும். கடற்கொள்ளையர்கள் வழக்கம்போலத் தலைகாட்டுகிறார்கள். ரோம், ஏதென்ஸ் கீழே கடந்து போகின்றன. கம்பளம் பழுதாகிப் பாரசீகத்தில் இறங்கினால் அங்கே சிதியக் கொள்ளைக்காரர்களோடு ஒரு கைகலப்பு. தனித்தனியாக எல்லாமே சிரிக்க வைக்கின்றன. ஆனால் கெடு நெருங்குகிறது என்ற பதற்றம் படிப்பவருக்கு ஏறவில்லை. எத்தனை மணி நேரம் போயிற்று என்று வாயால் சொல்கிறார்களே ஒழிய, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு விலை கொடுத்ததாகத் தெரியவில்லை. கடைசியில் 30 மணி 30 நிமிடம் 30 விநாடி மிச்சம் வைத்து வந்து சேர்கிறார்கள். அந்தக் கணக்கு ஒரு நல்ல ஜோக், அவ்வளவுதான்.

வாசகர்கள் அடிக்கடி சொல்லும் குறை, பறக்கும் கம்பளம் இந்த உலகத்துக்கு ஒட்டவில்லை என்பது. கிராமத்துப் பூசாரி கெட்டாஃபிக்ஸ் காய்ச்சும் பலம் தரும் மருந்து ஒன்றுதான் இங்கே மாயம், மற்றதெல்லாம் மனுஷத்தனம் என்பது அவர்கள் கட்சி. எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. அண்டாவிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு ஒரு படையையே அடிக்கிறவர்களை ஒப்புக்கொண்ட பிறகு கம்பளத்தில் என்ன வந்தது? மாயம் வேலை செய்யும் விதத்தில் உள்ள ஓட்டைதான் பெரிது.

அந்த ஓட்டையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பயணத்தில் பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. அரண்மனை வைத்தியர்கள் சொல்லும் சிகிச்சை: யானைப்பால், யானைச்சாணம், யானைமுடி மூன்றும் கலந்த குளியலில் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ஹூடன்னிட்டின் ஆட்கள் அவரைத் தூக்கிப்போய், யானைகள் மிதித்துக் கொல்லட்டும் என்று யானைகளின் இடுகாட்டில் விட்டுவிடுகிறார்கள். மிதிக்க வந்த கூட்டம் அவர்மேல் வீசும் வாசனையில் மயங்கி அவரைக் கொஞ்ச ஆரம்பிக்கிறது. ஆல்பத்திலேயே கச்சிதமாகக் கட்டின இடம் இது. சில பக்கங்களுக்கு முன் கேலிக்காக வைத்த குளியல் இங்கே உயிரைக் காப்பாற்றுகிறது. கோசினி இருந்திருந்தாலும் இதைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் குரல் திரும்புவது எதனால்? கடைசி நேரத்தில் மாய மருந்து ஒரு மிடறு கொடுத்ததும் தொண்டை திறந்துகொள்கிறது. அந்த மருந்து ஆஸ்டெரிக்ஸின் இடுப்புக் குடுவையில் கிராமத்திலிருந்தே தொங்கிக்கொண்டிருக்கிறது. முதலிலேயே கொடுத்திருந்தால் குளியலும் வேண்டாம், கடத்தலும் வேண்டாம், பாதி ஆல்பமும் வேண்டாம். மருந்து குரலுக்கு உதவாது என்று யாராவது ஒரு கட்டத்தில் தவறாக நம்பியிருந்தால் போதும், ஓட்டை அடைபட்டிருக்கும். இதைச் சொன்னால் ‘குழந்தைகள் புத்தகத்துக்கு இவ்வளவு கணக்கா’ என்பார்கள். எட்டு வயதுக் குழந்தைதான் இந்தக் கேள்வியை முதலில் கேட்கும்.

இந்தியச் சித்திரிப்பு அடுத்த வழக்கு. ராஜா, பக்கிரி, புலி, யானை, சதிகாரக் குரு, அதற்குமேல் ஆயிரத்தொரு இரவுகளின் அரபு வாசனை. கி.மு. 50-இன் கங்கைக் கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். ஆஸ்டெரிக்ஸில் எந்த நாடுதான் சரித்திரப்படி இருந்தது? பிரிட்டனில் ஐந்து மணியானால் சண்டையை நிறுத்திவிட்டு வெந்நீர் குடிக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் சுத்தப் பைத்தியமும் வங்கிப் பெட்டகமும். கார்ஸிகாவில் மதியத் தூக்கமும் குடும்பப் பகையும் வெடிக்கிற பாலாடைக்கட்டியும். அவையெல்லாம் இன்றைய மனிதர்களின் பழக்கத்தைப் பிடித்து, அதைப் பக்கம் பக்கமாக ஓட்டிச் சிரிக்க வைத்தவை. இந்தியாவில் உடெர்ஸோ பிடித்தது பழக்கத்தை இல்லை, அஞ்சலட்டைப் படத்தை. ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே மாதிரி ஆடும் தலை, ‘இதோ அஞ்சு நிமிஷம்’ என்று அரை நாள் இழுப்பது, கூப்பிட்ட விருந்தாளியைச் சாப்பாட்டாலேயே திணறடிப்பது என்று எத்தனை கிடக்கிறது! ஓபெலிக்ஸ் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தால் அதுவே நாலு பக்கம். என் வருத்தம் நம்மைக் கேலி செய்ததில் இல்லை, போதுமான அளவு செய்யாததில்.

படங்களைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. உயரத்திலிருந்து பார்க்கும் காட்சிகளுக்குக் கம்பளம் நல்ல சாக்கு. யானைகளின் தோல் மடிப்பு, பலியிடத்தில் கூடிய ஜனம், தூரத்து மேகம் எல்லாவற்றையும் நின்று பார்க்கலாம். இவ்வளவு வண்ணங்கள் விளையாடும் ஆல்பத்தை வரைந்தவருக்கு நிறக்குருடு என்பது தெரிந்தால் ஆச்சரியமாக இருக்கும். வண்ணம் போடுவது வேறு கைகள். முடிவும் எனக்குப் பிடித்தது. வழக்கமாகக் கடைசி விருந்தில் பாட்டுக்காரரைக் கட்டிப்போடுவார்கள். இதில் அவர் ராஜாவின் விருந்தாளி. கிராமத்தில் வயல் காய்கிறது. கண்டபோதெல்லாம் அவரை அடிக்கும் கொல்லர் ஃபுல்லியாட்டோமேட்டிக்ஸே அவரைத் தேடுகிறார்.

வாங்குகிறவர்களுக்குச் சில விவரங்கள். தனி ஆல்பம் 48 பக்கம். மூன்று ஆல்பங்களைச் சேர்த்துப் போடும் ஆம்னிபஸ் வரிசையில் இது 10-ஆம் தொகுதி. கூட 29, 30 வரும். அந்த 30-ஆம் ஆல்பம் வரிசையிலேயே பலவீனமானவற்றில் ஒன்று என்பதால், விலை ஏறக்குறைய சமமாக இருந்தால் மட்டும் ஆம்னிபஸ் பக்கம் போங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களாக ஆன்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்காவில் பேப்பர்கட்ஸ் போடுவது வேறு மொழிபெயர்ப்பு, அளவும் சிறியது. கெட்டாஃபிக்ஸ் அதில் பனோராமிக்ஸ் என்று வருவார், பழகினவர்களுக்குக் குழம்பும். ஆங்கிலச் சொல்விளையாட்டாக வரும் இந்தியப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் பாதி சிரிப்பு போய்விடும்.

ஆஸ்டெரிக்ஸே படிக்காதவருக்கு இதை முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள். குறைந்தது ‘நார்மன்ஸ்’ முடித்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்தக் குரலின் பெருமை புரியும். பழைய புத்தகக் கடையில் எண்பதுகளின் பேப்பர்பேக் கிடைத்தால் பணம் கொடுப்பதற்கு முன் நடுவில் விரித்துப் பாருங்கள். முதுகுப் பசை காய்ந்திருந்தால் தாள்கள் கையோடு வந்துவிடும். அத்தோடு பக்க எண்களையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.