வன்னிச் சேற்றில் ஒரு பிரஷர் வோஷர்: இரண்டு மாரி, மூன்று கோடை

எங்கள் வீட்டிலிருந்து பரந்தன் முல்லைத்தீவு வீதிக்கு ஏற ஒன்றரைக் கிலோமீற்றர் கிரவல் பாதை. கோடையில் புழுதி, மாரியில் செஞ்சேறு. அந்தச் சேறு மட்காட்டின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் செங்கல்தான். வாளித் தண்ணீருக்கும் பழந்துணிக்கும் அது அசையாது. திருப்புளியால் குத்திக் கழற்றிய நாட்களும் உண்டு.

கார் பழைய மாருதி. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும், கையில் இருப்பதைத் துருப்பிடிக்க விடாமல் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. துரு முதலில் தொடங்குவது ஈரச்சேறு தங்கும் அந்த மட்காட்டு மடிப்பில்தான். ஆகவே 2021 கடைசியில், தண்ணீரை அழுத்தத்தோடு பீச்சிக் கழுவும் பிரஷர் வோஷர் ஒன்றை வாங்கினேன். அது பதினொரு மாதத்தில் புகைந்து போனது. 2023 தையில் வாங்கிய இரண்டாவது இன்னும் ஓடுகிறது. கீழே எழுதுவதில் பாதி முதலாவதிடம் கற்றது.

முதல் பெட்டியில் பெரிய எழுத்தில் 150 பார் என்றிருந்தது; பார் என்பது அழுத்தத்தின் அளவு. பக்கத்திலேயே நிமிடத்துக்கு 8 லீற்றர், 1400 வாட். கடைக்காரர் பாரை மட்டுமே சொன்னார், நானும் பாரை மட்டுமே கேட்டேன். பிறகுதான் ஒரு சின்னக் கணக்குத் தெரியவந்தது. பாரை லீற்றரால் பெருக்கி 600ஆல் வகுத்தால், தண்ணீரைத் தள்ளத் தேவையான கிலோவாட் வரும். 150ஐ 8ஆல் பெருக்கினால் 1200, அதை 600ஆல் வகுத்தால் 2. அதாவது இரண்டாயிரம் வாட் வேண்டிய வேலையை 1400 வாட் மோட்டர் செய்கிறதாம்! பெட்டியில் போடுவது உச்ச அழுத்தம், துவக்கு, அதாவது தண்ணீர் பீச்சும் கைப்பிடி, மூடியிருக்கும்போது ஒரு கணம் தொடுவது. வேலை செய்யும்போது நிற்கும் அழுத்தம் உள்ளே புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கடையிலேயே புத்தகத்தை விரித்துப் பாருங்கள். இப்போதிருக்கும் மெஷின் 100 பார், 6.5 லீற்றர், 1600 வாட். கணக்குப் பார்த்தால் 1080 வாட் அளவில் வருகிறது, பம்பின் இழப்புக்கும் இடமிருக்கிறது. காருக்கும் முற்றத்துக்கும் நூறு பார் தாராளம்.

மோட்டர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரனாகிவிட்டேன். முதலாவது காபன் பிரஷ் வைத்த மோட்டர். ஆறேழு கிலோதான், ஒரு கையால் தூக்கலாம், ஆனால் சத்தம் அரிசி ஆலைச் சத்தம். அரை மணி ஓடினால் உடம்பு கொதிக்கும். இரண்டாவது இண்டக்‌ஷன் மோட்டர். இருபது கிலோவுக்கு மேல், சில்லு இல்லாவிட்டால் நகர்த்த முடியாது. சத்தம் குறைவு, தேய்ந்துபோகப் பிரஷ் இல்லை. விலை ஏறத்தாழ இரட்டிப்பு. மாதத்துக்கு ஒருமுறை ஒரு மோட்டார் சைக்கிளைக் கழுவுபவருக்கு அந்தக் காசு வீண். காரும் லான்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரமும் முற்றமும் உள்ள வீட்டுக்கு வீணல்ல.

ஆனால் முதல் மெஷினைக் கொன்றது மோட்டர் வகை மட்டுமல்ல. தண்ணீர்தான் பெரிய காரணம். கிணற்றிலிருந்து இறைத்து, பதினைந்து அடி உயரத்தில் உள்ள தாங்கியில் நிரப்பி, அங்கிருந்து முப்பது மீற்றர் அரை அங்குல ஹோஸில் எடுத்தேன். பத்து மீற்றர் உயரத்துக்கே ஒரு பார்தான் கிடைக்கும். என் தாங்கிக்கு அரைப் பார்கூட இல்லை. ஒல்லி ஹோஸ் அதிலும் பாதியைத் தின்றுவிட்டது. பம்பு கேட்ட தண்ணீர் வராததால், தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். புது மெஷின் அப்படித்தான் பேசும் என்று நினைத்தேன்.

இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: கடைக்குப் போக முன்னர் பத்து லீற்றர் வாளியை ஹோஸின் நுனியில் வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். எனக்கு அன்று இரண்டு நிமிடம் பிடித்தது. முக்கால் அங்குல ஹோஸ் போட்டு, நீளத்தைப் பாதியாக்கியதும் நாற்பது விநாடிக்கு வந்தது, அதே தாங்கிதான். தொடங்கும் முறையும் முக்கியம். மின்சாரம் கொடுக்காமல் துவக்கை அழுத்திப் பிடித்தால் முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும். தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே ஆளியைப் போட வேண்டும்.

மின்சாரமும் சும்மா விடாது. எங்கள் வீடு மின்கம்பி வரிசையின் கடைசியில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் மின்குமிழ் மங்கும், மோட்டர் உறுமுமே தவிரச் சுற்றாது. அப்படி உறுமவிட்டால் சுருள் எரிந்துவிடும். காலையில் மட்டும் ஓட்டுகிறேன், தொடங்கும்போது துவக்கைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடுகிறேன். நீட்டிப்பு வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பில் இருக்க வேண்டும், சுருட்டிய வயரை முழுவதும் அவிழ்க்க வேண்டும். முன்பிருந்த ஒல்லி வயரைத் தொட்டால் கை சுட்டது. மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீட்டில் இந்தப் பொருளை வைத்திருக்கவே கூடாது. வெறுங்காலோடும் நிற்கக் கூடாது.

கார் கழுவுவதில் எனக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் மட்காட்டுச் சேற்றை நனைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வந்து, தண்ணீரை 25 பாகை அகலத்துக்கு விரிக்கும் முனையைப் போட்டு அடித்தால் கட்டி கட்டியாக விழும். சிவந்த தண்ணீர் முற்றத்தில் ஓடிக் கத்தரிப் பாத்தியில் போய்த் தேங்கும். காரின் உடம்புக்கு 40 பாகை வெள்ளை முனை, ஒரு முழத் தூரம். கிட்டப் போனால், கல் பட்டுப் பெயின்ற் உடைந்த இடத்தில் விளிம்பு மடங்கி உரிந்துவரும். என் காரின் பொனற்றில் பத்துச் சதக் குற்றியளவு அப்படி உரிந்தது. ரேடியேற்றர் தகடுகள், ரயரின் பக்கச் சுவர், லான்ட்மாஸ்டரின் பெயாரிங், காற்று வடிகட்டி, இவற்றின் பக்கமே முனையைத் திருப்புவதில்லை. கையால் அழுத்தம் பார்ப்பது விளையாட்டல்ல. வெளியே ஊசி குத்திய அடையாளம் மட்டும் தெரியும், உள்ளே தசை கிழிந்திருக்கும். வலிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

சிவப்பு நிறப் பூச்சிய பாகை முனையை ஒரே நாள்தான் பயன்படுத்தினேன். விறாந்தைப் படியில் பாசி போகவில்லையென்று பொறுமையிழந்து அதை மாட்டினேன். பாசி போனது, சீமெந்தும் போனது. "படியைக் கோழி கிளறிவிட்டதா, தம்பி?" என்று மாமி கேட்டார். அந்தக் கோடுகள் இன்றும் இருக்கின்றன, இப்போது பாசி முதலில் பிடிப்பதும் அந்தக் கோடுகளில்தான். முற்றத்துச் சீமெந்துக்கு அகன்ற முனையும் பொறுமையும் போதும். பாசியை வேரோடு கொல்லும் வேலை இந்த மெஷினுடையதல்ல. அடுத்த மாரிக்கு அது வந்தே தீரும்.

நான் எதிர்பாராத லாபம் ஆவணி, புரட்டாதியில் கிடைத்தது. கிணறு இறங்கிக் கிடக்கும் அந்த மாதங்களில் ஹோஸைத் திறந்துவிட்டுக் கார் கழுவினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருந்தது. மெஷினில் துவக்கை அழுத்தும் நேரம் மொத்தமாகப் பன்னிரண்டு நிமிடம், எண்பது லீற்றருக்குள் வேலை முடிகிறது.

மாரிக்கும் கோடைக்கும் நடுவில் இரண்டு மாதம் கொட்டிலில் சும்மா கிடந்தபோது வேறொரு கூத்து. எடுத்து ஓட்டினால் மோட்டர் விட்டு விட்டு இயங்கியது, தண்ணீர் இருமியது. பம்பு போய்விட்டதென்றே நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் குழாய் வாயில் குளவி மண் வைத்து அழகாகப் பூசியிருந்தது! தையல் ஊசியால் குத்தி எடுத்தேன். அதன் பிறகு குழாய் வாய்க்குப் பழைய பொலித்தீன் பை கட்டுகிறேன். எங்கள் கிணற்று நீரில் கேத்தல் அடியில் வெள்ளை படியும், அதே வெள்ளை முனையிலும் படிகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முனையைத் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைக்கிறேன்.

இரவல் கொடுப்பது பற்றி ஒரு சொல். சென்ற வருடம் பக்கத்து வளவுக்காரர் வாங்கிப்போய் வாய்க்காலில் ஹோஸை விட்டு உழவு இயந்திரம் கழுவியிருக்கிறார். "அதுவும் தண்ணீர்தானே, அண்ணை" என்றார். வடிகட்டியில் மாவு போல மணல். அன்றிலிருந்து பம்பின் அடியில் சொட்டுகிறது. தவறு எனதும்தான், சொல்லிக் கொடுக்கவில்லை.

உதிரிப்பாகம் கேட்கப் போனால் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். ஹோஸின் 22 மில்லிமீற்றர் திருகு எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே உள்ள முனை சிலதில் 14, சிலதில் 15. அந்த ஒரு மில்லிமீற்றருக்காக நான் இரண்டு தடவை கிளிநொச்சிக்குப் போய்வந்தேன். உத்தரவாத அட்டையை நம்பி முதல் மெஷினைக் கொழும்புக்கு அனுப்பியபோது ஆறு வாரம் கழித்து, "தண்ணீரில்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள்" என்ற பதிலோடு அப்படியே திரும்பி வந்தது. கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது பொய்யில்லை.

சொட்டு இப்போது நிமிடத்துக்கு ஐந்தாறு. ரப்பர் வளையங்கள் வாங்கி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்க முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்பைப் பிரிக்க வேண்டும்.