தரையோடு தவழும் மேகம்: ட்ரை ஐஸா, லோ ஃபாக்கா, நைட்ரஜனா?

"அண்ணாச்சி, பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடும்போது மேகத்துல நிக்க மாதிரி இருக்கணும்."

ரிசப்ஷன் பேச வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கூடவே போனை நீட்டி ஒரு வீடியோவும் காட்டுவார்கள். கணுக்கால் வரை வெள்ளை மூட்டம், அதற்கு மேல் எல்லாம் பளிச்சென்று தெரியும், பொண்ணு சுற்றும்போது சேலைக் கரை மட்டும் மூட்டத்துக்குள் போய்ப் போய் வரும். பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கேடிசி நகர் பக்கம் கேக் வெட்டு முடிந்ததும் கப்பிள் டான்ஸ் என்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பதினைந்து வருஷமாக மேடை லைட்டும் ரேடியோ செட்டும் போடுகிறவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கொட்டேஷனில் 'ஸ்மோக் எஃபெக்ட்' என்று ஒற்றை வரி இருக்கும். வீட்டுக்காரர் நினைப்பது ஒன்று, அன்றைக்கு வந்து இறங்கும் மிஷின் வேறொன்று. அதனால் ஒவ்வொன்றும் என்ன செய்யும், எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சாதாரண ஃபாக் மிஷின். வாடகை குறைவு, எல்லாரிடமும் இருக்கும். கிளைக்கால் அல்லது கிளிசரின் கலந்த திரவத்தைச் சூடாக்கி வெளியே தள்ளும். சூடான புகை என்பதால் மேலேதான் ஏறும். லைட் கற்றைகள் காற்றில் கோடு கோடாகத் தெரிய இதுதான் சரி. கப்பிள் டான்ஸுக்கு வைத்தால் ஒரு நிமிஷத்தில் மாப்பிள்ளை முகம் மறைந்துவிடும், போட்டோகிராஃபர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இருமல் வரும். தச்சநல்லூர் பக்கம் ஒரு ரிசப்ஷனில் முதல் வரிசையில் இருந்த ஆச்சியை நாற்காலியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மேகம் கேட்டவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது.

அடுத்தது லோ ஃபாக் மிஷின். அல்ட்ராசானிக் தகடுகள் அதிர்ந்து தண்ணீரைப் பொடித் துளியாக்கும், அந்தக் குளிர்ந்த ஈரத்தோடு ஃபாக் திரவத்தின் புகையும் கலந்து குழாய் வழியாகத் தரையில் இறங்கும். ட்ரை ஐஸ் வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டாம். சுவிட்சைப் போட்டால் வரும், அணைத்தால் நிற்கும். பாட்டு முடிந்தபின் "இன்னொரு தடவை" என்று கூட்டம் கேட்டாலும் கவலை இல்லை. குறை என்னவென்றால், அந்தப் புகை கொஞ்ச நேரத்தில் மண்டபச் சூட்டை வாங்கிக்கொண்டு மெல்ல எழும்பத் தொடங்கும். முழங்காலைத் தாண்டும்போது மேகம் என்ற எண்ணம் போய்விடும். இரண்டு பெரிய மிஷின் வைத்தால்தான் மேடை நிறையும். இன்னொன்று, தண்ணீர். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் தகட்டில் வெள்ளையாகப் படிந்து வேலை செய்யாமல் போகும். நான் எங்கே போனாலும் கேனில் ஆர்ஓ தண்ணீரோடுதான் போகிறேன்.

இனி ட்ரை ஐஸ். கெட்டியான கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி குளிர். உருகித் தண்ணீராகாது, நேரே வாயுவாகிவிடும். நாம் பார்க்கும் வெள்ளை மூட்டம் அந்த வாயு இல்லை, அதற்கு நிறமே கிடையாது. ட்ரை ஐஸைப் போடுகிற சுடுதண்ணீரின் ஆவி அந்தக் குளிரில் பொடித் துளியாவதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மார்கழி விடியற்காலையில் தாமிரபரணி மேல் படுத்துக் கிடக்குமே, அதே பனிமூட்டம்தான். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, அதனால் மூட்டத்தையும் சேர்த்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். சூடு ஏறினால் ஃபாக் மாதிரி மேலே எழும்பாது, இருந்த இடத்திலேயே கரைந்து காணாமல் போகும். வீடியோவில் பார்த்து ஆசைப்படுகிற அழகு இதற்கு மட்டும்தான் உண்டு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மேடை விளிம்பிலிருந்து அது வழிந்து விழுவதைப் பார்த்தால் குற்றாலத்து மெயின் அருவிதான் எனக்கு ஞாபகம் வரும்.

ஆனால் அதற்குப் பின்னால் வேலை நிறைய. ட்ரை ஐஸை நான் மதுரை வழியாகத்தான் வரவழைக்கிறேன். வருகிற வழியிலேயே குறையும். தெர்மாகோல் பெட்டியில் 10 கிலோ வைத்தால் ஒரு நாளில் 2 முதல் 4 கிலோ வரை தானாகப் போய்விடும். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வாங்கி வைக்கிற பொருள் இல்லை, அன்று மத்தியானம் வந்து சேர்ந்தால் போதும். கண்ணாடியை ஏற்றிய காரில் கொண்டுவராதீர்கள், வாயு காருக்குள் சேர்ந்து ஓட்டுகிறவருக்கே மயக்கம் வரும். பெட்டி மூடியை டேப் போட்டு இறுக்கவும் கூடாது.

மிஷின் என்பது ஹீட்டர் வைத்த ஒரு டிரம், மேலே ட்ரை ஐஸ் போடுகிற கம்பிக் கூடை. 40 லிட்டர் தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுவர 3 கிலோவாட் ஹீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மண்டபத்து ஏசி ஓடும் லைனிலேயே இதையும் சொருகினால் டிரிப் ஆகும். தனி லைன் கிடைக்காத இடத்தில் நான் சமையல் மாஸ்டரிடம் போய் நிற்பேன். ராத்திரிப் பந்திக்கு எப்படியும் அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், இரண்டு குடம் கேட்டால் இல்லை என்று சொன்ன மாஸ்டரை நான் பார்த்ததில்லை. கூடையை இறக்கினால் 10 கிலோ நாலைந்து நிமிஷம் வரும், அதாவது ஒரு பாட்டு. அதற்குள் தண்ணீரின் சூடு 80லிருந்து 45 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். உடனே அடுத்த லோடு போட்டால் மெலிந்த மூட்டம்தான் வரும். ஆகவே பாட்டு எப்போது என்பது பொண்ணு வீட்டுக்கும், மாப்பிள்ளை வீட்டுக்கும், மைக் பிடிக்கிறவருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். போட்டோ எடுக்க ஏறிய கூட்டம் இன்னும் இறங்காமல் இருக்கும்போது கூடையை இறக்கிவிட்டால் அத்தனையும் வீண்.

அந்த நாலைந்து நிமிஷமும் மேடைப் பக்கத்து ஃபேன்களை அணைக்க வேண்டும். சித்திரையில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஒரு பெடஸ்டல் ஃபேன் போதும், பத்து நொடியில் மேடை காலியாகிவிடும். திறந்தவெளி ரிசப்ஷனும் இப்படித்தான். ஆனி மாதத்தில் வள்ளியூர், பணகுடி பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் கணவாய்க் காற்றை நம்பித்தான் அங்கே காற்றாலைகளே நிற்கின்றன. அங்கே ஒரு புல்வெளியில் 20 கிலோ போட்டேன். மூட்டம் மேடைக்குப் போகாமல் பந்திப் பக்கம் போயிற்று. அதற்குப்பின் ஆனி, ஆவணியில் வெளியிடத்துக்கு எந்த மூட்டமும் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் மூச்சு. 1 கிலோ ட்ரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும். 10 கிலோ என்றால் ஏறக்குறைய 5,500 லிட்டர். 100 அடி நீளம், 50 அடி அகலம், 16 அடி உயரம் உள்ள கல்யாண மண்டபத்தில் அது முழுக்கக் கலந்தால் காற்றில் கால் சதவீதம்தான் கூடும், கதவுகளும் திறந்திருக்கும், பயம் இல்லை. அதே 10 கிலோவை 35க்கு 25 அடி, 10 அடி உயரம் உள்ள ஏசி பார்ட்டி ஹாலில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டால் 2 சதவீதத்தைத் தாண்டும். சாதாரணக் காற்றில் இருப்பது 0.04 சதவீதம். வேலை செய்யும் இடங்களில் 15 நிமிஷத்துக்கு மேல் 3 சதவீதம் இருக்கக் கூடாது என்பது விதி. நான் சொன்ன 2 சதவீதம் ஹால் முழுக்கச் சமமாகக் கலந்தால் வரும் கணக்கு, தரையோரத்தில் அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

தரையோரத்தில் யார் இருப்பார்கள்? குழந்தைகள். டான்ஸ் என்றதும் நாற்காலியை விட்டு ஓடிவந்து மேடைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காரும் பிள்ளைகள்தான். மூட்டம் மேடையிலிருந்து வழிந்து நேரே அவர்கள் முகத்துக்குத்தான் வரும், அவர்களும் அதைக் கையால் அள்ளிக் குனிந்து விளையாடுவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஹாலில் இப்படி விளையாடிய ஒரு பையன் "மாமா, தலை வலிக்கு" என்று எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். கதவுகளைத் திறந்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன், காற்றாட நின்றதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து சின்ன ஏசி ஹாலுக்கு ட்ரை ஐஸ் எடுப்பதில்லை. பெரிய மண்டபத்திலும் முன்னால் பத்தடிக்குக் கயிறு கட்டி, பிள்ளைகளைப் பெரியவர்கள் மடியில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கூடையைத் தொடுகிறேன். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில் புகை அழகாக வரும் என்று நீச்சல் குளத்தில் ட்ரை ஐஸைக் கொட்டி, 3 பேர் இறந்துபோனார்கள்.

லிக்விட் நைட்ரஜனும் சிலர் கேட்கிறார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் கொண்டுவரும் கேனில் இருப்பது அதுதான், மைனஸ் 196 டிகிரி. ஊற்றினால் ஒரே வீச்சில் பெரிய மேகம் வரும், உண்மைதான். 1 லிட்டர் 700 லிட்டர் அளவுக்கு வாயுவாகி ஆக்சிஜனை விலக்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், உடம்பு நமக்குச் சொல்லிவிடும். நைட்ரஜனில் அப்படி ஒரு எச்சரிக்கையே இல்லை, தெரியாமலே மயங்கி விழலாம். உணவில் அதைப் பயன்படுத்துவது பற்றி 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது. பட்டுச் சேலையும் குழந்தைகளும் இருக்கும் மேடைக்கு இது வேண்டவே வேண்டாம்.

என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். உயரமான பெரிய மண்டபம், திறக்கக்கூடிய கதவுகள், ஒரே பாட்டு, கையுறை போட்டு மிஷின் பக்கத்திலேயே நிற்கிற ஆள், இத்தனையும் இருந்தால் ட்ரை ஐஸ். செலவு கூடத்தான், ஆனால் ஆயுசுக்கும் வைத்துப் பார்க்கிற போட்டோ கிடைக்கும். இதில் ஒன்று குறைந்தாலும் லோ ஃபாக், அதுவே போதுமான அழகு. எதை எடுத்தாலும் ஆடும் இடத்துக் கிரானைட்டில் ஈரம் படியும், கார்பெட் விரித்துக் கொள்ளுங்கள். புதுச் செருப்பில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள மேடையில் ஒன்றும் இருக்காது.

கடைசியாக, மிஞ்சுகிற ட்ரை ஐஸ். ஜூஸில் போட்டால் புகை வருமே என்று கேட்டரிங் பையன்கள் வந்து கேட்பார்கள், கொடுக்காதீர்கள். 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் வாய்மணப் பொருள் என்று நினைத்து அதை வாயில் போட்ட 5 பேர் ரத்தம் கக்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாட்டிலில் போட்டு மூடினால் வெடிக்கும், வாஷ்பேசினில் கொட்டினால் பீங்கானில் விரிசல் விழும். நான் மூடி திறந்த பெட்டியோடு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் வைத்து மாடிக் கதவைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொள்வேன். சாமான் ஏற்ற விடிந்து போகும்போது பெட்டியில் ஒன்றும் இருக்காது.