தொட்டிக்குள் போகும் கட்டை, கல், சருகு: வேகவைப்பதா, ஊறவைப்பதா, பிளீச்சா?

ஆற்றங்கரையில் கிடைத்த கட்டை, ஏரிக்கரையில் பொறுக்கிய கல், மரத்தடிச் சருகு. இவற்றை மீன் தொட்டிக்குள் வைக்கும் முன் மூன்று வழிகளில் ஒன்றைத்தான் பலரும் நாடுகிறார்கள்: வேகவைப்பது, வாரக்கணக்கில் ஊறவைப்பது, பிளீச்சில் முக்கி எடுப்பது. எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கட்டைக்கு ஏற்ற வழி கல்லுக்கு ஆபத்து, கல்லுக்கு ஏற்றது கட்டைக்கு ஆபத்து. தவிர, சுத்தம் செய்தால் கிருமியும் நத்தை முட்டையும்தான் போகும், பொருளின் குணம் போகாது. சுண்ணாம்புக்கல்லை நாள் முழுக்கக் கழுவினாலும் அது சுண்ணாம்புக்கல்தான். ஆகவே பொறுக்கும்போதே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

கட்டை

பச்சைக் கட்டை வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் சாறும் சர்க்கரையும் தண்ணீரில் இறங்கினால் பாக்டீரியா பெருகி, தண்ணீர் பால் போலக் கலங்கி, ஆக்சிஜன் குறையும். நன்றாகக் காய்ந்து பட்டை தானாகக் கழன்ற கட்டைதான் தேவை. நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் அது உளுத்த கட்டை. தொட்டிக்குள் சில மாதங்களில் உதிர்ந்துவிடும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில் முதலிடம் கொய்யாவுக்கே. கெட்டியான மரம், பிசின் கிடையாது, கிளை அமைப்பும் அழகாக இருக்கும். வேம்பு, புங்கம், எருக்கு, அரளி, கள்ளி ஐந்தையும் ஒதுக்கிவிடுங்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் இறாலுக்கு ஆகாது. புங்கத்தின் விதையும் வேரும் மீனை மயக்கிப் பிடிக்கப் பயன்பட்டவை. 'ஊறவைத்தால் விஷம் இறங்கிவிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைத்த ஒரு கட்டைக்காக மீனைப் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை.

சரியான கட்டை கிடைத்துவிட்டது என்றால், வேகவைப்பதற்கும் ஊறவைப்பதற்கும்தான் போட்டி. வேகவைத்தால் மரத்துக்குள் இருக்கும் காற்று வெளியேறித் தண்ணீர் புகும், அதனால் கட்டை சீக்கிரம் மூழ்கும். பூஞ்சையும் நத்தை முட்டையும் சாகும். டானின் (தண்ணீரைப் பழுப்பாக்கும் மரச்சாறு) வேகமாக இறங்கும். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கடுந்தேநீர் நிறத்துக்கு வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்கவிட்டால் போதும். நாள் கணக்கில் வேகவைத்தால் நார் தளர்ந்து கட்டை சீக்கிரமே மக்கத் தொடங்கும். பாத்திரத்துக்குள் அடங்காத கட்டையை இந்த வழியில் பதப்படுத்தவும் முடியாது. இதற்கென்று பழைய பாத்திரம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. சமையல் பாத்திரமும் வேண்டாம், பிரஷர் குக்கரும் வேண்டாம்.

ஊறவைப்பதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். கிருமியைக் கொல்வதில் இது பலவீனமான வழி. ஆனால் ஆழத்தில் ஏறியிருப்பதை வெளியே இழுப்பதில் இதற்கு ஈடில்லை. கடற்கரைக் கட்டையின் உப்பு ஒரு மணி நேரக் கொதியில் போகாது, வாரக்கணக்கில் ஊறினால்தான் போகும். டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்தவற்றின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் தண்ணீர் மாற்றியவுடன் ஒரு அளவும், 24 மணி நேரம் கழித்து ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படிப்படியாகக் குறைந்து ஏறக்குறைய நின்றுபோகும்வரை அந்தக் கட்டை தயார் இல்லை.

பாத்திரத்தில் அடங்கும் கட்டையை வேகவைத்து, பிறகு ஒரு வாரம் ஊறவைப்பதே எங்கள் தேர்வு. பெரிய கட்டை என்றால் கொதிநீரை மேலே பலமுறை ஊற்றிவிட்டு, டிரம்மில் நீண்ட நாள் ஊறவிடுங்கள்.

கட்டைக்குப் பிளீச் கூடவே கூடாது. நார்களுக்குள் ஏறிய குளோரின் தொட்டிக்குள் மெல்லக் கசியும். மீனின் செவுளை எரிக்கும், ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும். கிருமிநாசினி போட்டே ஆக வேண்டும் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடால் மேற்பரப்பைத் தேயுங்கள். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும்.

தொட்டியில் வைத்த முதல் வாரத்திலேயே கட்டைமேல் வெள்ளைச் சளி போலப் படரும். பதப்படுத்தியது சரியில்லை என்று பயந்து பலர் கட்டையைத் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். அது மரத்தில் எஞ்சிய சத்தைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும். நத்தை, இறால், மோலி மீன் எல்லாம் அதை மேயும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மட்டும் யோசிக்காமல் கட்டையை வெளியே எடுங்கள், அது உள்ளே அழுகுகிறது.

கட்டைக்குப் பதில் தேங்காய்ச் சிரட்டை போதும் என்றால் வேலை இன்னும் சுலபம். உள்ளே பருப்பு துளியும் ஒட்டியிருக்காமல் சுரண்டி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் எண்ணெய் நீர்மேல் படலமாக மிதக்கும். வெளி நாரைத் தேய்த்து நீக்கி, தண்ணீர் மாற்றி அரை மணி நேரம் வீதம் இரண்டு முறை கொதிக்கவிட்டால் போதும்.

கல்

இங்கே நிலைமை தலைகீழ். கல்லை வேகவைக்கவும் கூடாது, ஓவன் அடுப்பில் வைக்கவும் கூடாது. நுண்துளையிலும் விரிசலிலும் தேங்கிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போனால் கல் வெடித்துச் சிதறும். தூரிகையால் தேய்த்துக் கழுவி, வாசனையோ சோப்போ சேராத பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 20 பங்கு கலந்து, 15 நிமிடம் முக்கி வையுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் அலசி, குளோரினை நீக்கும் மருந்து கலந்த வாளித் தண்ணீரில் ஒரு நாள் போட்டு, குளோரின் வாடை அறவே போகும்வரை வெயிலில் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் மலிவுதான். ஆனால் அதில் சுண்ணாம்பு இருப்பதால் கல்லின் இடுக்குகளில் வெள்ளையாகப் படிந்துவிடும். திரவ பிளீச்சே மேல்.

எந்தக் கல்? கருங்கல், குவார்ட்சு கூழாங்கல் இரண்டும் தண்ணீரின் தன்மையை மாற்றாதவை. குவாரிக் கல்லில் கூர்முனை இருந்தால் மழுக்கிவிடுங்கள், எண்ணெய்க் கறை இருந்தால் எடுக்காதீர்கள். துரு வரி, உலோக மினுக்கு, பச்சையும் நீலமுமான கறை உள்ளவையும் வேண்டாம். பளிங்கு, சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், பவளத்துண்டு எல்லாம் தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஹெச்சையும் (அமில-கார அளவு) ஏற்றும். மலாவி, டாங்கனிகா ஏரி சிக்லிட் மீன் வளர்ப்பவர்களுக்கு அதுவே வசதி. மென்னீர் மீனான டெட்ரா வளர்ப்பவர்களுக்குத் தலைவலி.

இப்படிக் கரையும் கல்லைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் உண்டு. கல்மேல் வினிகர் சொட்டுவிட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது சுலபம், ஆனால் நம்பகம் குறைவு. 5% வினிகர் வீரியமில்லாதது, டோலமைட் போன்ற கல் அதில் நுரைக்காமலே ஏமாற்றும். ஆணியால் கீறி, அந்தப் பொடிமேல் சொட்டுவிட்டால் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். குளியலறை ஆசிட் உடனே காட்டிக்கொடுக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு திறந்தவெளியில் ஓரிரு சொட்டு மட்டும் விடுங்கள். பிளீச் பட்ட கல்லில் ஆசிட் படவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சோதனையை முதலிலேயே முடித்து, நன்றாகக் கழுவி, அதன் பிறகே பிளீச் பக்கம் போகவேண்டும்.

இவற்றைவிட வாளிச் சோதனை மேல். இரண்டு வாளியில் ஆர்ஓ தண்ணீர், ஒன்றில் மட்டும் கல். ஒரு வாரம் கழித்து இரண்டிலும் ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை), கேஹெச் (பிஹெச்சை மாறாமல் தாங்கும் கார்பனேட் கடினத்தன்மை) பாருங்கள். கல் உள்ள வாளியில் மட்டும் ஏறியிருந்தால் அந்தக் கல் கரைகிறது. மெதுவாகக் கரையும் கல்லும் இதில் தப்பாது.

சருகு

பாதாம் இலை என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமை இலைக்கும் கொய்யா இலைக்கும்தான் போட்டி. டானின் அதிகம் என்பதால் ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் வாதுமையை விரும்புகிறார்கள். இறால் தொட்டிக்கு இரண்டும் பொருந்தும். எதுவானாலும் தானாக உதிர்ந்து முழுக்கப் பழுப்பான இலையாக இருக்க வேண்டும், சாலையோரத்திலும் மருந்தடித்த தோட்டத்திலும் பொறுக்கக் கூடாது. கழுவி ஒரு நாள் ஊறவைத்தாலே மூழ்கும். அவசரமென்றால் ஐந்து நிமிடம் கொதிக்கவிடலாம், ஆனால் நீங்கள் விரும்பிய டானினில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். 40 லிட்டருக்கு நடுத்தர இலை ஒன்றில் தொடங்குங்கள். கேஹெச் அதிகமுள்ள போர் தண்ணீரில் நிறம் மாறுமே தவிர பிஹெச் பெரிதாக அசையாது. எனவே பிஹெச் இறங்கவில்லை என்று இலையை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். மக்கும் இலை குவிந்தால் ஆக்சிஜன்தான் குறையும்.